நாகதாளியில வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதோ பிடிச்சிருக்கு

கேள்வி: வெள்ளவத்தையில எங்கட பல்கனியில நிக்கிற நாகதாளிக் கள்ளியின்ர மடல் முழுக்க வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கிடக்கு, ஈர்க்கால சுரண்டி நசுக்கினா ரத்தம் போல சிவப்பு வருது, பயந்திட்டன். அம்மம்மா நட்டது, சாக விடேலாது.

பதில்: தங்கச்சி, அது கொச்சினீல் பூச்சி. பஞ்சுக்குள்ள இருந்து சாறு உறிஞ்சும். அந்தச் சிவப்புத்தான் கார்மைன் சாயம், மெக்சிக்கோவில இதுக்கெண்டே கள்ளி வளத்தவை. 1795இல சாயம் எடுக்கவெண்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்த பூச்சி வேற இனமாப் போச்சு, நல்ல சாயம் வரேல்ல, கள்ளியைத்தான் அழிச்சுது. பைப்பால வேகமா தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ, பிறகு சவர்க்காரத் தண்ணி.

பதில்: எறும்பு ஓடினா அடிக்காதேங்கோ, இளம் மடல்ல தேன் சுரக்கும், அதுக்குத்தான் வருது. பூக்கிற நேரம் மருந்தும் வேண்டாம், தேனீ பாவம். பூவுக்குள்ள மெல்லமாத் தொட்டுப் பாருங்கோ, மகரந்தக் காம்பெல்லாம் உள்ளுக்கு வளையும், அவ்வளவு வடிவு!

கேள்வி: கழுவிட்டன் அண்ணா, ஒரு மொட்டும் இருக்கு!