நம்ம குடும்பம் குழு: நிலாவோட ஸ்கேன் ரிப்போர்ட்

ரேவதி: எல்லாருக்கும் தனித்தனியா போன் பண்ணிப் பேசத் தெம்பில்ல, அதான் இங்கயே எழுதுறேன். நிலாவோட எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்துடுச்சு. ரெண்டு பக்கமும் காது நரம்புகிட்ட சின்னதா கட்டி இருக்கு. வெஸ்டிபுலர் ஷ்வானோமான்னு போட்டிருக்காங்க. புற்றுநோய் இல்லன்னு டாக்டர் தெளிவா சொல்லிட்டார்.

பெரியம்மா: ஐயோ என் கண்ணு. எந்நேரமும் காதுல அந்த இயர்போன். அதனாலதான் வந்திருக்கும்.

பிரியா: இல்ல பெரியம்மா, இயர்போனால இது வராது. இந்த வயசுல, அதுவும் ரெண்டு பக்கமும் வந்தா அது மரபணு சம்பந்தப்பட்டது. 22ஆம் குரோமோசோம்ல என்எஃப்2ன்னு ஒரு மரபணு இருக்கு. நரம்புக்கு உறை போடுற செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாம தடுக்கிற புரதத்தை அதுதான் உண்டாக்குது. அது பழுதாயிட்டா கட்டி வளரும். குழந்தையை ஒரு வார்த்தை சொல்லாதீங்க.

சித்தப்பா: அவளுக்குக் காது நல்லாத்தானே கேக்குது? கூப்பிட்டா திரும்புறாளே.

ரேவதி: சத்தம் கேக்குது சித்தப்பா, வார்த்தை புரியல. டெஸ்ட்ல பீப் சத்தத்துக்கெல்லாம் கை தூக்கினா. இடது காதுல ஒரு வார்த்தையைச் சொல்லி திருப்பிச் சொல்லச் சொன்னா தப்புத் தப்பா சொன்னா. போனை எப்பவும் வலது காதுலதான் வைப்பா. இருட்டுல நடந்தா சுவத்தைப் பிடிச்சுக்குவா, பயம்னு நினைச்சிருந்தோம். முதல்ல சந்தேகப்பட்டது கண் டாக்டர்தான். இவ்வளவு சின்ன வயசுல கண் லென்ஸோட பின்பக்கத்துல புரை இருக்கேன்னு சொல்லி ஸ்கேனுக்கு அனுப்பினார்.

பிரியா: அந்த டாக்டருக்குக் கோடி புண்ணியம். குழந்தைங்களுக்கு இது காதுல ஆரம்பிக்கணும்னு இல்ல. கண்ணு, தோல், முகம் ஒரு பக்கம் இழுக்கிறது, பாதம் தொங்கிப்போறதுன்னு எப்படி வேணா தலைகாட்டும். அதனாலயே பல பேருக்கு லேட்டா தெரியுது.

முருகன் மாமா: நம்ம பக்கம் யாருக்கும் இப்படி இல்லையேம்மா. ரேவதி வீட்டுப் பக்கம் யாருக்காவது இருந்துச்சா?

பிரியா: மாமா, அந்தப் பேச்சே வேண்டாம். இந்த நோய் வர்றவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அப்பா அம்மா யார்கிட்ட இருந்தும் வர்றதில்ல. அவங்ககிட்டயே புதுசா உண்டாகுது. அண்ணி மேல யாரும் இதைப் போடாதீங்க.

செந்தில்: மாமா, எங்க அப்பாவுக்கு நாப்பது வயசுலயே ஒரு காது போச்சு. ஏன்னு யாரும் பார்க்கல. அதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.

பிரியா: நல்லது அண்ணா. அது வேற காரணமாவும் இருக்கலாம், ஆனா சொல்லணும். முதல்ல நிலா ரத்தத்துல மாற்றம் எங்க இருக்குன்னு கண்டுபிடிப்பாங்க. அதை வச்சு உங்க ரெண்டு பேருக்கும் பார்ப்பாங்க. யாராவது ஒருத்தருக்கு இருந்தா நிலாவோட தம்பிப் பயலுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்க ரெண்டு பேருக்கும் இல்லேன்னு வந்தாலும் அவனுக்கும் பார்த்துடணும். உங்களுக்கு இருந்தா நானும் டெஸ்ட் எடுத்துக்கிறேன். ஒண்ணு மட்டும், சில பேருக்கு உடம்புல சில செல்கள்ல மட்டும்தான் மாற்றம் இருக்கும், ரத்தத்துல தெரியாது. ரத்த ரிசல்ட்ல இல்லேன்னு வந்தா அதோட விட்டுடாதீங்க.

பெரியம்மா: ஆபரேஷன் பண்ணி உடனே எடுத்துடலாம்ல?

ரேவதி: இப்ப வேண்டாம்னுட்டாங்க பெரியம்மா. முகத்தை அசைக்கிற நரம்பு அதை ஒட்டியே போகுது. அவசரப்பட்டா இப்ப காது கேக்குறதும் போயிடலாம். ஆறு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேன், முதுகெலும்புக்கும் சேர்த்து. வளர்ந்தா பெவாசிசுமாப்னு ஒரு மருந்து ஊசியா ஏத்துவாங்களாம், சில பேருக்கு கட்டி சுருங்கி காதும் கொஞ்சம் தேறியிருக்காம். ரேடியேஷன் குழந்தைங்களுக்கு ரொம்ப யோசிச்சுதான் தருவாங்களாம்.

பிரியா: நெட்ல தேடுறவங்க கவனிங்க. இந்த நோயோட பழைய பேர் நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 2. 2022ல பேரை மாத்திட்டாங்க, இப்ப என்எஃப்2 சார்ந்த ஷ்வானோமடோசிஸ். டைப் 1 வேற நோய், 17ஆம் குரோமோசோம். அதைப் படிச்சிட்டு இங்க ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

சித்தப்பா: லீவுல நீச்சல் கிளாஸ் சேர்த்துவிடறேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேனே.

ரேவதி: அது மட்டும் வேண்டாம் சித்தப்பா. பேலன்ஸ் நரம்பும் அதே இடம்தான். தண்ணிக்குள்ள மேல எது கீழ எதுன்னு தெரியாம போயிடுமாம். நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்.

பெரியம்மா: சரி கண்ணு. அவகிட்ட எப்படிப் பேசணும், அதைச் சொல்லு.

ரேவதி: வலது பக்கமா, முகம் பார்த்துப் பேசுங்க பெரியம்மா. டிவி ஓடினா அணைச்சிடுங்க. கத்த வேண்டாம். அவ முன்னாடி அழாதீங்க. வியாழக்கிழமை தம்பிக்கு கண் டெஸ்ட், நாங்க ரெண்டு பேரும் போகணும். நிலாகூட யார் இருப்பீங்க?

சித்தப்பா: நான் வர்றேன். காலையிலேயே வந்துடறேன்.