மறுமொழி: திரைப்படக் கதையைத் தொடரும் நாவல்கள் – ‘வழிநாவல்’ எப்படி?

அன்பின் நண்பர்களுக்கு,

திரைப்படம் ஒன்றின் கதையைத் தொடர்ந்து எழுதப்படும் நாவல்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ‘வழிநாவல்’ என்பது என் முன்மொழிவு. அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘இணைப்பு நாவல்’ என்று வைத்தால் போதாதா அண்ணை?

போதாது தம்பி. ‘இணைப்பு’ என்றால் எங்கள் சனத்துக்கு ஞாயிறு பத்திரிகையோடு வருவதுதான் நினைவுக்கு வரும். ‘கிளைக்கதை’யும் சரிவராது. அது பாரதத்துக்குள்ளேயே வரும் நளன் கதைக்குரிய சொல்.

ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு (சுருக்க உரையோடு) நன்னூல் என்ற இலக்கண நூல் இங்கே பல வீட்டு அலுமாரிகளில் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். முதல், வழி, சார்பு என்று நூல் மூன்று வகை. முன்னோர் நூலின் முடிபை ஒத்து, பின்னோன் தான் வேண்டும் விகற்பத்தையும் (வேறுபாட்டையும்) சொல்வது வழிநூல். ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படங்களைத் தொடர்ந்து, அமெரிக்க எழுத்தாளர் திமோதி ஸான் 1991 இல் தொடங்கிய மூன்று நாவல்கள் செய்தது இதைத்தான். படங்களின் முடிவை அப்படியே ஏற்று, ஐந்து வருடம் கழித்து நடப்பதைச் சொல்கின்றன. த்ரான் என்ற தளபதி ஸான் சேர்த்த விகற்பம். தலைநகர்க் கிரகத்துக்கு அவர் வைத்த கொரஸன்ட் என்ற பெயரை 1999 இல் வந்த படமே எடுத்துக்கொண்டது!

> ‘சார்பு நாவல்’ என்றே எழுதலாமே.

ஐயா, அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. 2014 இல் ஸ்டார் வார்ஸ் உரிமையாளர்கள் பழைய நாவல்களை எல்லாம் அதிகாரபூர்வக் கதையில் சேராத ‘லெஜன்ட்ஸ்’ (பழங்கதைகள்) என்று ஒதுக்கிவிட்டார்கள். புதிய படங்களின் கதை வேறு வழியில் போனது. ஒருசார் பொருந்தித் திரிபு உடையதைச் சார்புநூல், அதாவது புடைநூல், என்கிறது நன்னூல். ஒதுக்கப்பட்டவை இப்போது ‘புடைநாவல்’. இரண்டு சொல்லும் நமக்கு வேண்டும்.

மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஸானின் முதல் நாவலை ஜாம் போத்தல் விளக்கில் வாசித்தேன். படங்களைப் பார்த்தது பல வருடங்களுக்குப் பிறகு. முன்னால் என்ன நடந்திருக்கும் என்று நாவலுக்குள் இருந்தே ஊகித்து ஊகித்து வாசித்த சந்தோசம் இன்னும் மறக்கவில்லை. வழிநூலைப் பிடித்து முதல்நூலுக்குப் போனவன் நான். அதனால்தான் ‘துணை’, ‘உப’ என்று இந்தப் புத்தகங்களைக் கீழே இறக்கும் எந்தச் சொல்லும் வேண்டாம் என்கிறேன்.

படத்தின் கதையையே திருப்பி நாவலாக எழுதுவதற்கு ‘நாவலாக்கம்’ போதும், அதில் சிக்கல் இல்லை.

மறுப்பு இருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘வழிநாவல்’, ‘புடைநாவல்’ இரண்டையும் விக்சனரி என்ற இணைய அகராதியில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்