கொழும்புக்கு அருகில் பாறையேற்றம்: புதியவர்கள் விசாரிக்க வேண்டியவை எவை?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தம்பியும் நானும், காலையில் கொழும்பிலிருந்து புறப்பட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய தூரத்தில், வழிகாட்டியின் துணையோடு பாறையேற விரும்புகிறோம். இருவருக்கும் முன் அனுபவம் இல்லை. கித்துல்கல பற்றிய விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பணம் கட்டுவதற்கு முன் எவற்றைக் கேட்க வேண்டும், எந்த மாதங்கள் உகந்தவை என அறிந்தவர்கள் கூறுவீர்களா?

மலைநாடன்:
தங்கச்சி, அன்றைய தினம் உண்மையில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் கேளுங்கள். பாறையேற்றம் என்ற பெயரில் அழைத்துச் சென்று, பத்தலேகல போன்ற குன்றில் நடந்து ஏறவைப்பதும் உண்டு. அருவியோரம் கயிற்றில் இறக்கிவிடுவதும் உண்டு. அவையும் நல்ல அனுபவங்களே, ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. ‘நான் ஏறும்போது கீழே கயிற்றைப் பிடித்திருப்பவர் யார்?’ என்று கேட்டால் பதிலிலேயே விடயம் புரிந்துவிடும்.

புதியவர்களுக்கு ஏற்றது டாப் ரோப் முறைதான். கயிறு உங்கள் இடுப்பிலிருந்து உச்சியிலுள்ள பிணைப்புக்குச் சென்று, அங்கிருந்து கீழே நிற்பவரின் பிலே கருவிக்கு (கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் கருவி) திரும்புவதால், கை நழுவினாலும் சிறிதளவே கீழிறங்குவீர்கள். அந்த உச்சிப் பிணைப்பு ஒன்றையொன்று சாராத இரண்டு பிடிமானங்களிலாவது கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தரையை விட்டு எழுமுன், இடுப்பிலும் தொடையிலும் அணியும் ஹார்னஸின் இடுப்புப் பட்டி இடுப்பெலும்புக்கு மேல் இறுகியிருக்கிறதா, எட்டு வடிவ முடிச்சு சரியா, கராபினர் எனும் உலோகக் கொக்கி பூட்டப்பட்டதா என ஏறுபவரும் பிடிப்பவரும் ஒருவரையொருவர் சரிபார்ப்பது வழக்கம். வழிகாட்டி இதைச் செய்யாவிட்டால், கட்டிய காசு போனாலும் பரவாயில்லை, ஏறாதீர்கள்.

அவிசாவளைக்காரன்:
காலத்தைப் பொறுத்தவரை டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கித்துல்கலவை நனைத்துக்கொண்டே இருக்கும். ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை வரும். பாசி படிந்த பாறையில் எந்தச் சப்பாத்தும் பிடிக்காது.

அண்ணா குறிப்பிடாத ஒன்று குளவி. தோட்டங்களில் குளவிக் கொட்டுக்கு இலக்கானவர்கள் பற்றிய செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். தரையில் நிற்பவர் ஓடலாம், கயிற்றில் தொங்குபவர் என்ன செய்வார்? பாறை விளிம்புகளுக்கு அடியில் கூடுகள் உள்ளனவா என்று அன்று காலையில் பார்த்தார்களா எனக் கேளுங்கள். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய நோயாளர் காவு வண்டி வந்து நிற்கக்கூடிய வீதி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
இருவருக்கும் நன்றி. தம்பி என்னைவிட மிகவும் பாரமானவன். அவன் ஏறும்போது நான் கயிற்றைப் பிடிக்கலாமா?

மலைநாடன்:
முதல் நாளில் வேண்டாம். அதை வழிகாட்டியே செய்யட்டும். பின்னர் பழகும்போதும், அவர் சறுக்கினால் நீங்கள் மேலே தூக்கப்படாதவாறு, உங்கள் ஹார்னஸைத் தரையில் உறுதியான ஒன்றோடு பிணைக்கச் சொல்லுங்கள்.