2008 ஸ்ப்ளெண்டர் பிளஸ் 18,000 ரூபாய்: வாங்கி நாமே வேலை பார்க்கலாமா?

விருதை_ரைடர்
வணக்கம். 2008 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 18,000 சொல்கிறார்கள். ஒரே ஓனர், மதுரை பதிவு. ரெண்டு வருஷம் ஷெட்டில் நின்ற வண்டி. இப்போது பெட்ரோல் மாற்றி ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். முதல் கிக்கில் கொஞ்சம் நீலப் புகை வருகிறது, ஆக்சிலரேட்டரை விட்டால் ஐடிலிங்கில் ஓடாமல் அணைந்துவிடுகிறது. ஆர்.சி. (பதிவுச் சான்று) 2023-லேயே முடிந்துவிட்டது. ஆயில், பிளக், செயின் வரை நானே பார்ப்பேன். கார்ப் (கார்புரேட்டர்), பிரேக், முடிந்தால் ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி) வரை இறங்கலாம் என்று ஆசை. வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எதை லேத்துக்கு (கடைசல் பட்டறைக்கு) கொடுக்க வேண்டும்?

பேப்பர்_முக்கியம்
இன்ஜினுக்கு முன்னால் பேப்பரைப் பாருங்க. அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் பதிவு, இன்சூரன்ஸ் எது வரை, ஹைப்போ (ஆர்.சி.யில் இருக்கும் லோன் பதிவு) நிற்கிறதா என்று வந்துவிடும். கடனை அடைத்த பிறகும் ஹைப்போ கேன்சல் செய்யாமல் விட்ட வண்டிகள் நிறைய. அப்படி இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யையும் படிவம் 35-ஐயும் ஓனர்தான் வாங்கித் தர வேண்டும். இ-சலான் பாக்கியைத் தனியாகப் பாருங்க.

சேசிஸ் நம்பர் ஹேண்டில் பார் கழுத்தில் அடித்திருக்கும். அழுக்கைத் துடைத்து, பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்க. ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்க. சுரண்டி மறுபடி அடித்த தடம் தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது புதுப்பிப்பு. 15 வருஷம் தாண்டிய டூ-வீலருக்கு 5 வருஷத்துக்குப் புதுப்பிப்பார்கள், படிவம் 25. கட்டணம் 1,000, 20 வருஷம் தாண்டினால் 2,000. தாமதத்துக்கு மாதம் 300 என்று மத்திய விதியில் இருக்கிறது. முப்பது மாசம் என்றால் அதுவே 9,000. பசுமை வரி தனி. நேரில் ஆய்வும் உண்டு. லைட், இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் எல்லாம் வேலை செய்ய வேண்டும். ஓனரே புதுப்பித்துத் தந்தால் 18,000 பேசலாம். உங்கள் தலையில் விழுந்தால் அந்தத் தொகையைக் கழித்துத்தான் பேச வேண்டும். பணம் கை மாறும்போதே படிவம் 29 ரெண்டு பிரதி, படிவம் 30-ல் கையெழுத்து வாங்கிடுங்க. பெயர் மாற்ற வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம்.

போர்_பிஸ்டன்
வண்டி பார்க்கப் போனதும் இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்க. சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிப் புகையை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறவிட்டு மறுபடி கிக் பண்ணச் சொல்லுங்க.

ராத்திரி நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகைந்து, பிறகு நின்றுவிட்டால் வால்வு சீல் போயிருக்கிறது. ஆக்சிலரேட்டர் முறுக்க முறுக்கக் கூடினால் பிஸ்டன் ரிங், போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. சந்தேகம் தீர ஒரு சோதனை: பிளக்கைக் கழற்றி, கம்ப்ரெஷன் கேஜ் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து கிக் பண்ணி அளவைக் குறித்துக்கொள்ளுங்க. பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. அளவு ஏறினால் ரிங் பக்கம் கசிவு. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை.

ஹெட், போர் ரெண்டும் வீட்டில் கழற்றக்கூடிய வேலைதான். லோடில் இன்ஜின் அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தால் அது கனெக்டிங் ராட் (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு). கிராங்கை பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து அலைன் பண்ண வேண்டும். இந்த விலைக்கு அது கட்டுப்படியாகாது, விட்டுடுங்க.

கழற்றும்போது மேக்னெட்டில் (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) ‘டி’ மார்க்கையும் கேம் ஸ்ப்ராக்கெட்டில் வட்ட மார்க்கையும் நேர் பிடித்து போட்டோ எடுங்க. டைமிங் செயினைக் கம்பியால் கட்டி வையுங்க, உள்ளே விழுந்தால் வேலை இரட்டிப்பு. பிஸ்டன் சர்க்ளிப் (பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கம்பி வளையம்) எடுக்கும் முன் கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடையுங்க. பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடவே கூடாது.

லேத்துக்கு சிலிண்டர் மட்டும் போகக் கூடாது. முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி, அதையும் சேர்த்துக் கொடுங்க. 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று சைஸ் இருக்கும். எது என்பதை, வாங்கும் முன் சிலிண்டரை அளந்து லேத்காரர் சொல்வார். கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து அதற்குத்தான் போர் அடிக்க (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க) வேண்டும். முதலில் போர் அடித்துவிட்டு பிஸ்டன் தேடினால் இடைவெளி கூடிப் புகையும், குறைந்தால் ஜாம் ஆகும். வால்வு சீட் கட்டிங்கும் அங்கேயே முடித்துக்கலாம். மாட்டும்போது பிஸ்டன் தலையில் ‘ஐ.என்.’ மார்க் கார்ப் பக்கம் இருக்கணும். ரிங் வாய்கள் ஒரே நேரில் வரக் கூடாது. ஹெட் நட்டுகளை எதிரெதிராக, ரெண்டு மூணு தடவையில் டைட் பண்ணுங்க.

விருதை_ரைடர்
நன்றி. முதல் ஸ்டார்ட்டில் மட்டும்தான் புகை, அப்புறம் இல்லை. ஐடிலிங் பிரச்சினைக்கு கார்பை மாற்றவே வேண்டுமா?

ஸ்லோ_ஜெட்
மாற்ற வேண்டாம். நின்ற வண்டியில் பெட்ரோல் வற்றி, ஸ்லோ ஜெட்டில் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) பிசின் மாதிரி படிந்து அடைத்திருக்கும். கார்பின் அடிக் கிண்ணத்தைத் திறந்து ஜெட்டைக் கழற்றி கார்ப் கிளீனர் அடிங்க. துளையில் குத்த வேண்டுமென்றால் ஒயரிலிருந்து உருவிய ஒரே ஒரு செப்பு இழை போதும். ஊசி விட்டால் பித்தளை ஜெட் துளை பெரிதாகிவிடும், பிறகு மைலேஜ் வரவே வராது. ஏர் ஸ்க்ரூவை (பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரி செய்யும் திருகு) மெதுவாக உட்காரும் வரை திருகி, அங்கிருந்து ஒன்றரை சுற்று வெளியே விடுங்க. மிச்சத்தை இன்ஜின் சூடான பிறகு 1,400 ஆர்.பி.எம். வாக்கில் செட் பண்ணிக்கலாம்.

ஃப்ளோட் நீடிலையும் (கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) கவனிங்க, யாரும் பார்க்காமல் விடுவது அதைத்தான். நீடில் சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் லெவல் ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாசம் வந்தால் அந்த ஆயிலோடு ஓட்டக் கூடாது. நீர்த்த ஆயில் கேம், ராட் பேரிங் ரெண்டையும் தின்றுவிடும். அந்த வண்டி இப்போது அதே ஆயிலில்தான் ஓடுகிறதா என்று கேளுங்க. டேங்குக்குள் டார்ச் அடித்தும் பாருங்க. துரு இருந்தால் கார்பை எத்தனை தடவை கழுவினாலும் மறுபடி அடைக்கும்.

டிரம்_பிரேக்
எல்லாரும் இன்ஜினிலேயே நிற்கிறீர்கள். நின்ற வண்டியில் பிரேக் ஷூவின் லைனிங் பசை விட்டு உரியும். வீலைக் கழற்றிப் பார்க்காமல் ரோட்டில் இறக்காதீங்க. தூசியை ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைங்க; பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கேமை (ஷூவை விரிக்கும் தண்டு) கழற்றி சுத்தம் பண்ணி லேசாக கிரீஸ் தடவுங்க. அது இறுகினால் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும்.

டயர் முன், பின் ரெண்டும் 2.75-18. பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்க. 2317 என்றால் 2017-ம் வருஷம் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் மழையில் பிடிக்காது. டயர், டியூப் விலையையும் 18,000-லிருந்து கழிங்க. முன் வீலைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்க, நடுவில் சிக்கினால் கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) போயிருக்கிறது. பின் வீலைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஸ்விங் ஆர்ம் (பின் வீலைத் தாங்கும் கை) புஷ் தேய்ந்திருக்கலாம். சென்னைப் பக்கம் வந்தால் ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் சாமான்களைப் புதிதாகவே வாங்கிடுங்க. பிரேக், கோன் செட் சாமான்களைப் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடாதீங்க.