சாட்டனூகாவில் ஒரு பாலம், இரண்டு நடை

டென்னசி மாநிலத்துச் சாட்டனூகாவுக்கு நாங்கள் போனது மீன் பார்க்க. ஆற்றங்கரையில் 1992-ல் திறந்த பெரிய மீன் காட்சியகம் இருக்கிறது. அட்லாண்டாவிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம்தான். மகளுக்கு ஏழு வயது, லீவு நாள், சரி போகலாம் என்று கிளம்பினோம். மீன்களைப் பற்றி இப்போது எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை.

ஆற்றின் வடகரையில் காரை விட்டுவிட்டு வால்நட் ஸ்ட்ரீட் பாலத்தின் வழியாக நடந்தே ஊருக்குள் போனோம். 1891-ல் திறந்த இரும்புப் பாலம், நீல வண்ணம், 2,376 அடி நீளம். தரை முழுக்க மரப்பலகை. 1978-ல் வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள். இடித்துவிடத்தான் இருந்தார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை. பணம் திரட்டிப் பழுது பார்த்து 1993-ல் நடப்பவர்களுக்கென்றே திறந்தார்கள். காசு கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டைகள் பாலத்திலேயே இருக்கின்றன, மகள் குனிந்து குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். ஐஸ்கிரீம் சாப்பிடுபவர்கள், சைக்கிள்காரர்கள், கல்யாணப் போட்டோ எடுக்கும் ஒரு ஜோடி. இவ்வளவு சந்தோஷமான பாலத்தை நான் பார்த்ததில்லை.

தென்கரையில் மீன் காட்சியகத்தை ஒட்டி ஆற்றை நோக்கி இறங்கும் படிக்கட்டு ஒன்று, அதன் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். சுவரில் பெரிய சுடுமண் வட்டங்கள் ஏழு. பிள்ளைகள் எல்லாம் அந்தத் தண்ணீரில் ஆட்டம் போட, இவளும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர்தான் அது என்னவென்று சொன்னார். அந்த இடத்தின் பழைய பெயர் ராஸ்ஸஸ் லேண்டிங். அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களின் தலைவர் ஜான் ராஸ் அங்கே படகுத்துறையும் கடையும் வைத்திருந்தார். 1838-ல் அதே துறையிலிருந்துதான் அவருடைய மக்களைப் படகில் ஏற்றி மேற்கே துரத்தினார்கள். கண்ணீர்த் தடம் என்று வரலாற்றில் சொல்வது அதைத்தான். அதே வருடம் ஊருக்குச் சாட்டனூகா என்று புதுப் பெயரும் வைத்தாயிற்று. செரோக்கிக் கலைஞர்கள் செய்து 2005-ல் வைத்த நினைவிடம் அது, வழிகிற தண்ணீர் அந்தக் கண்ணீர். மகளைக் கூப்பிட்டுவிடலாமா என்று யோசித்தேன். பாட்டி, "விளையாடட்டும், ஆனால் சொல்லிக் கொடுங்கள்" என்றார்.

சாயங்காலம் பாலத்துக்குத் திரும்பினோம். தென்முனையில் மூன்று வெண்கலச் சிலைகள். காலையில் அவற்றைத் தாண்டித்தான் போயிருக்கிறோம், நின்று பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கறுப்பினப் பெரியவர் நான் படிப்பதைக் கவனித்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். வார்ப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதலில் புகையைப் பற்றித்தான் பேசினார். 1969-ல் நாட்டிலேயே மோசமான காற்று இந்த ஊரில்தான் என்று அரசே அறிவித்ததாம். பட்டப்பகலில் கார் விளக்கைப் போட வேண்டியிருக்கும், ஆபீஸ் போகிறவர்கள் மாற்றுச் சட்டை எடுத்துப் போவார்கள். அந்தப் புகைதான் எங்கள் வீட்டுச் சாப்பாடும் என்றார். காற்று சுத்தமாகி, ஆற்றங்கரை அழகானதில் அவருக்குப் பெருமைதான்.

அப்புறம் சிலைகளைக் காட்டினார். எட் ஜான்சன், அவருக்காக வாதாடிய நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ். 1906-ல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாக ஜான்சன் மேல் வழக்கு. முழுக்க வெள்ளையர் இருந்த ஜூரி மரண தண்டனை தந்தது. இரண்டு கறுப்பின வக்கீல்களும் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கினார்கள். தடை வந்த மார்ச் 19 அன்று ராத்திரியே கும்பல் சிறைக்குள் புகுந்தது. காவலுக்கு ஒரே ஓர் ஆள். ஜான்சனை இழுத்து வந்து இதே பாலத்தின் இரண்டாவது கண்ணில் தூக்கிலிட்டு, உடம்பில் சுட்டும் தீர்த்தார்கள். அதற்குப் பதிமூன்று வருடம் முன்பு, 1893-ல், ஆல்ஃபிரட் பிளவுண்ட் என்பவரையும் இதே பாலத்தில்தான் கொன்றிருக்கிறார்கள்.

நீதிமன்றத்தை அவமதித்ததாக, சிறைக்குப் பொறுப்பான ஷெரிஃப் ஜோசப் ஷிப்பையும் மற்ற சிலரையும் உச்ச நீதிமன்றம் தானே விசாரித்தது. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அது நேரடியாக நடத்திய குற்ற விசாரணை இது ஒன்றுதான். ஷிப்புக்குத் தொண்ணூறு நாள் சிறை. வெளியே வந்தபோது ஊர் திரண்டு வரவேற்றது. வக்கீல்கள் இருவரும் ஊரைவிட்டே போக நேர்ந்தது. ஜான்சன் மேலிருந்த தீர்ப்பை ரத்து செய்ய 2000-ம் ஆண்டு வரை ஆயிற்று, சிலை வைக்க 2021.

எனக்குப் பேச வரவில்லை. காலையில் சிரித்துக்கொண்டே மிதித்து வந்த பலகைகள். ஊர் இதை மறைத்து வைத்திருந்தது ஒரு நூற்றாண்டுக்கு மேல். அதைவிட, இன்று பாலத்தின் வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பது என்னை உலுக்கியது. அழகு கெடும் என்று எங்காவது ஓரமாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அதற்காக இந்த ஊர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்தப் பெரியவருடைய அம்மா சாகும்வரை இந்தப் பாலத்தில் கால் வைத்ததில்லையாம். மூடுவதற்கு முன்பும் சரி, பூச்செண்டும் பலூனுமாகத் திறந்த பிறகும் சரி. எவ்வளவு அவசரமானாலும் அடுத்த பாலம் வழியாகச் சுற்றித்தான் போவார். சின்ன வயதில் அது வெறும் பிடிவாதம் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். சிலைகள் வைத்த பிறகு ஒருநாள் விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், அம்மாவின் பழைய தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் தனியாக நடந்து பார்த்திருக்கிறார். பாதி வரைக்கும் போனாராம்.

இருட்டத் தொடங்கியது. எங்கள் கார் அக்கரையில் இருந்தது, வேறு வழி இல்லை, நடந்துதான் போக வேண்டும். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "நீங்களும் வாங்க" என்றாள். பலகை தொடங்கும் இடம் வரை வந்தார். அங்கே நின்று கையசைத்தார்.