70 டிகிரியில் என் அமைலேஸும் சேர்ந்து திரிந்துவிடுகிறது, உதவுங்கள்

சுங்காய்ப்பெண்:
வணக்கம். ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற வெப்பவிரும்பி பாக்டீரியாவின் அமைலேஸை, அதாவது மாவுச்சத்தை உடைக்கும் நொதியை, ஈ. கோலை என்ற சாதாரண பாக்டீரியாவுக்குள் தயாரிக்கிறேன். செல்களை உடைத்து 70 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் ஈ. கோலையின் புரதங்கள் திரிந்து அடியில் தங்கும், நமது புரதம் தெளிந்த நீரில் நிற்கும் என்று படித்தேன். எனக்கு மூன்று முறையும் எல்லாமே வெள்ளையாகத் திரிந்துவிட்டது. சூடு காட்டும் முன், புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அதன் பட்டை நன்றாகத் தெரிகிறது, மாவுச்சத்தையும் உடைக்கிறது.

இதில் ஒரு கண்ணியை (புரதச் சங்கிலி வளைந்து திரும்பும் பகுதி) இரண்டு அமினோ அமிலம் குறைத்திருக்கிறேன். 1989இல் பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியாவின் அமைலேஸில் 176, 177ஆம் இடங்களை நீக்கி வெப்பத்தாங்கலைக் கூட்டினார்களே, அதே யோசனைதான். அதுதான் கெடுத்துவிட்டதோ?

பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்): ட்ரிஸ் 50 மில்லிமோலார், பிஎச் 8, புரதச்சிதைவைத் தடுக்கும் மாத்திரை ஒன்று.

வார இறுதிக்குத் தோட்டத்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை கிளா வெந்நீர் ஊற்றில் முட்டை அவிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சூட்டிலும் உயிர் இருக்கிறது என்ற வியப்புதான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது. திங்கட்கிழமை மறுபடி செய்ய வேண்டும்.

பால்மரம்:
60க்கு இறக்கிப் பாருங்க தங்கச்சி.

சுங்காய்ப்பெண்:
பார்த்தேன் அண்ணா. பாதிக்கு மேல் போய்விட்டது.

படிகம்:
கண்ணியை மாற்றாத பழைய புரதமும் திரிகிறதா? மாத்திரையில் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ இருக்கிறதா? டப்பாவைப் பார்த்துச் சொல்லும்மா.

சுங்காய்ப்பெண்:
பழையதும் திரிகிறது அக்கா. லேப் தோழியிடம் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இடிடிஏ இருக்கிறது.

படிகம்:
அப்படியானால் உன் மாற்றத்தின் மேல் பழி போடாதே. இந்தப் புரதத்தின் முப்பரிமாண அமைப்பை (புரதத் தரவு வங்கியில் அதன் குறியீடு 1எச்விஎக்ஸ்) திரையில் திறந்து பார். இரண்டு கால்சியம், நடுவில் ஒரு சோடியம் வரிசையாக நின்று பகுதிகளைப் பிணைத்திருக்கும். இடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிவிடும். குளிரில் தாக்குப்பிடிக்கும், சூட்டில் குலைந்துவிடும். இதன் நெருங்கிய உறவான, பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் பாக்டீரியாவின் அமைலேஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1995இல் வந்த படிகத்தில் கால்சியம் இல்லை, அங்கே கண்ணி ஒழுங்கற்றுக் கிடந்தது. 1998இல் உலோகங்களோடு எடுத்தபோது அதே இடம் ஒழுங்காக மடிந்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு இது. செம்பனை ஆலைக் கழிவுநீரில் கிடைத்த, கொழுப்பை உடைக்கும் டி1 லிப்பேஸ் நொதியிலும் கால்சியமும் துத்தநாகமும் உண்டு, உன் ஊர்க்காரர்களுக்குச் சொல்.

அப்புறம் ட்ரிஸ். ஒரு டிகிரி ஏறினால் பிஎச் 0.028 இறங்கும். 25இல் 8 என்றால் 70இல் ஏறக்குறைய 6.7. சூட்டில் பிஎச் குறைவாகவே மாறும் ஹெப்பிஸ் பஃபருக்கு மாறு, இடிடிஏ இல்லாத மாத்திரை போடு, கால்சியம் குளோரைடு 2 மில்லிமோலார் சேர். பாஸ்பேட் பஃபர் மட்டும் வேண்டாம், கால்சியத்தோடு சேர்ந்து அதுவே வெள்ளையாகப் படிந்து உன்னைக் குழப்பும்.

சுங்காய்ப்பெண் (செவ்வாய்க்கிழமை):
அக்கா, நின்றது! பழையது, மாற்றியது இரண்டுமே தெளிந்த நீரில் இருக்கின்றன. மாவுச்சத்தில் அயோடின் தரும் நீலமும் மறைகிறது. நாளைக்கு இரண்டையும் 85இல் ஒன்றாக வைத்து எது நீடிக்கிறது என்று பார்க்கிறேன்.