புது சைலன்சருக்கு இடம் பத்தலை: பம்பரை வெட்டணுமா?

தாழ்நடை:
வணக்கம் நண்பர்களே. முன்பக்க இன்ஜின், பின்சக்கர டிரைவ், ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். கேடலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையில நச்சைக் குறைக்கிற டப்பா) பின்னாடி இருக்கிற மொத்த சைலன்சர் செட்டும் மாத்தியாச்சு, புதுசு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழைய பைப் 63 மி.மீ., இது 76. புகை வெளியே வர்ற வாய்க்குழாய் முன்னாடி 90 மி.மீ., இப்போ 102. இடது வலது ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வாய்.

வண்டியை ஸ்டாண்டுல நிறுத்தி, ஆறின பிறகு எடுத்த அளவு: வாய்க்குழாயின் மேல்விளிம்புக்கும் பம்பருக்கும் நடுவுல இடது பக்கம் 32 மி.மீ., வலது பக்கம் 9. வலது மஃப்ளருக்கும் (சத்தம் குறைக்கிற பின்பக்க டப்பா) அதுக்கு மேல இருக்கிற ஸ்டெப்னி பள்ளத்துக்கும் 6. நடு பைப்புக்கும் அதுக்குக் கீழே குறுக்கே போற பிரேஸுக்கும் (பாடியை இறுக்கிப் பிடிக்கிற பட்டை) 4.

பள்ளத்துல இறங்கினா வலது பின்பக்கம் 'டொக்'. முதல் கியர்ல கிளட்ச் விடும்போது நடுவுல 'கிர்ர்'. வலது பம்பர் விளிம்பு மேல்பக்கம் பளபளன்னு ஆகி லேசா நெளிஞ்சிருக்கு. வலது பக்கம் 20 மி.மீ. மேலே வெட்டிட்டு, ஸ்டெப்னி பள்ளத்தைச் சுத்தியால உள்ளே தட்டிவிடலாம்னு திட்டம். சரியா வருமா?

17ஆம் நம்பர் ஸ்பானர்:
வெட்டாதீங்க. உங்க அளவுகளை இன்னொரு தடவை பாருங்க. இடது 32, வலது 9, வித்தியாசம் 23. ஒரு பக்கம் ஏறியிருக்கு, மறுபக்கம் இறங்கியிருக்கு. செட் பெருசா இருக்கிறதால மட்டும் இப்படி ஆகாது, செட் திரும்பி உட்கார்ந்திருக்கு. வாய் ஒவ்வொண்ணும் வண்டியின் மையத்துலிருந்து சுமார் 550 மி.மீ. தள்ளி இருக்குன்னு வச்சா, வெறும் 1.2 டிகிரி திருப்பத்துக்கே வலது 11-12 மி.மீ. ஏறி இடது அதே அளவு இறங்கிடும். நேராக்கினா ரெண்டு பக்கமும் 20 மி.மீ. கிட்ட வரும். வலது மஃப்ளரும் கூடவே 9-10 மி.மீ. இறங்கும். அப்போ ஸ்டெப்னி பள்ளத்துல 6 இருந்த இடத்துல 15 கிடைக்கும், சுத்தியலே வேண்டாம்.

முறை இது. எல்லா கிளாம்ப்பும் ஃபிளேஞ்ச் (பைப் முனைகளைப் போல்ட் போட்டு இணைக்கிற தட்டு) நட்டும் கையால சுத்துற அளவுக்குத் தளர்த்துங்க. சக்கரம் தொங்கக் கூடாது: ஸ்டாண்டை சஸ்பென்ஷன் கைகளுக்கு அடியில கொடுங்க, இல்லைன்னா நாலு சக்கரமும் மேலே ஏற்றின மேடையில நிக்கட்டும். சக்கரம் தொங்கும்போது ஆன்டி ரோல் பாரும் (வண்டி திருப்பத்துல சாயாம பிடிக்கிற கம்பி) ஆக்ஸிலும் வேற இடத்துல இருக்கும், எடுக்கிற அளவு பொய் சொல்லும். அப்புறம் முன்னாடியிலிருந்து பின்னாடி வாங்க. முதல்ல கன்வெர்ட்டர் ஃபிளேஞ்ச், பிறகு நடு ஜாயின்ட், கடைசியா மஃப்ளர். இடது வலதா பிரியற 'ஒய்' துண்டுக்கு முன்னாடி இருக்கிற சொருகு ஜாயின்ட்ல திருப்பித்தான் ரெண்டு வாயையும் சமமாக்கணும்.

முன் ஃபிளேஞ்சைத்தான் பலரும் அவசரமா முறுக்கிடறாங்க. இரண்டு போல்ட்டுக்கும் இடையே 100 மி.மீ. தூரம்னா, நடுவுல கசிவைத் தடுக்கிற கேஸ்கெட் ஒரு பக்கம் 1 மி.மீ. கூடுதலா அமுங்கினா அது அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து வாய் 2.5 மீட்டர் தள்ளி இருந்தா, கடைசியில 25 மி.மீ. விலகும். பம்பர்கிட்ட தெரியற குறைக்குக் காரணம் பெரும்பாலும் கியர்பாக்ஸ் கிட்டதான் இருக்கும். போல்ட்டுகளை மாத்தி மாத்தி, கால் சுற்று கால் சுற்றா முறுக்குங்க. புது கேஸ்கெட் போடுங்க, ஒரு தடவை அமுங்கினது மறுபடி சமமா உட்காராது.

பிரேஸ் விஷயம் தனி, அது திருப்பி வைக்கிறதால சரியாகாது.

வெல்டிங்பொறி:
ஸ்பானர் சொன்னதுடன் முழுக்க உடன்படுகிறேன். பிரேஸைப் பற்றி நான் சொல்கிறேன்.

இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் விடும்போது அது பக்கவாட்டில் புரளும், பைப்பும் கூடவே நகரும். அதனால் 4 மி.மீ. என்பது இடைவெளியே இல்லை. குறைந்தது 12 மி.மீ. வேண்டும். பிரேஸை மட்டும் கழற்றி வீசிவிடாதீர்கள். கூரை இல்லாத வண்டி என்றால் உடல் முறுக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வழி இரண்டு. முதலாவது, பிரேஸுக்கும் பாடிக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் 8 மி.மீ. கனமான எஃகு ஸ்பேசர். வாஷர்களை அடுக்காதீர்கள், ஒரே துண்டாகக் கடைந்தது வேண்டும். போல்ட்டையும் 8 மி.மீ. நீளமானதாக, பழையதன் தலையில் பொறித்திருக்கும் அதே வலிமை எண்ணில் வாங்க வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் மரை பிடிக்கும் நீளம் 8 மி.மீ. குறைந்துவிடும். எம்10 போல்ட்டுக்கு 10 மி.மீ.க்குக் குறைவாக மரை பிடித்தால் அந்த இணைப்பை நம்ப முடியாது. இதில் இழப்பது தரையிலிருந்து 8 மி.மீ. உயரம். ஏற்கெனவே தாழ்த்திய வண்டிக்கு அது பெரிய தொகை.

இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது. பிரேஸுக்கு மேலே வரும் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அங்கே நீள்வட்டப் பைப் வைப்பது. 76 மி.மீ. வட்டப் பைப்பை 60 மி.மீ. உயரத்துக்கு அமுக்கினால் அகலம் 85 ஆகும். உள்பரப்பில் போவது 5 சதவீதத்துக்கும் குறைவு, உயரத்தில் 16 மி.மீ. மிச்சம். 50 மி.மீ. வரை அமுக்கினால் அகலம் 91, பரப்பில் 12 சதவீதம் போய்விடும். அவ்வளவு தேவையில்லை.

பைப்பை வண்டியில் வைத்து நாலு இடத்தில் பொட்டு வெல்டு மட்டும் போடுங்கள். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பெட்ரோல் குழாய்க்கும் டேங்குக்கும் அருகே தீப்பொறி போகாமல் மறையுங்கள். முழு வெல்டு மேசையில்தான், எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி. ஒரே மூச்சில் சுற்றினால் தையல் சுருங்கி, பைப் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஸ்பானர் சொன்ன அதே அரை டிகிரி திரும்பி வந்துவிடும். ஸ்டெயின்லெஸ் என்பதால் பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் வாயு நிரப்ப வேண்டும். விட்டால் உட்பக்கத் தையல் கருகிப் பொரிந்து, பின்னாளில் அங்கேயே விரியும்.

ரேஸ்பாதை:
சைலன்சரைத் தொங்கவிடற எல்லா ஹேங்கர் ரப்பரையும் எடுத்துட்டு கெட்டியான பாலியூரித்தேன் போட்டா ஆட்டமே இருக்காதே? 10 மி.மீ. கேப்பே போதுமே.

17ஆம் நம்பர் ஸ்பானர்:
ஆட்டம் குறையும், ஆனா சூட்டுல பைப் நீளறதை எந்த ரப்பரும் நிறுத்தாது. 304 ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு 100 டிகிரிக்கும் 1.7 மி.மீ. நீளும். 3 மீட்டர் பைப், சராசரியா 300 டிகிரி ஏறினா 15 மி.மீ. முன்முனை இன்ஜின்ல கட்டியிருக்கு, அதனால அந்த 15-ம் பின்னாடிதான் போகும். ரப்பர் இளகி வழி விடலைன்னா அந்த விசை ஹேங்கர் கம்பியோட வெல்டுல விழும், அங்கேதான் விரிசல் விடும். அதோட இன்ஜின் அதிர்வு நேரா சீட்டுக்கு வரும். சாதாரண பாலியூரித்தேன் மஃப்ளர் பக்கத்துச் சூட்டுல நாளடைவில இளகி அறுந்தும் போகும். கன்வெர்ட்டர் பக்கத்துல சிலிக்கான் ரப்பர், பின்னாடி நல்ல தரமான இ.பி.டி.எம். (சூடு தாங்குற செயற்கை ரப்பர்). இதுவே சரி. ஆறின நிலையில ஹேங்கர் கம்பி ரப்பர் ஓட்டைக்குள்ள கொஞ்சம் முன்பக்கம் தள்ளி நின்னா, சூடானதும் நடுவுக்கு வந்துடும்.

தாழ்நடை:
ரொம்ப நன்றி. எல்லாத்தையும் தளர்த்தி, சக்கரத்துல பாரம் வச்சு, முன்னாடியிலிருந்து முறுக்கினதுல இப்போ இடது 21, வலது 20. ஸ்டெப்னி பள்ளத்துல 15. பிரேஸுக்கு நீள்வட்டத் துண்டு போடப் போறேன். பம்பர்ல 20 போதுமா, இல்ல கொஞ்சம் வெட்டணுமா? நெளிஞ்ச விளிம்பை என்ன பண்றது?

வெல்டிங்பொறி:
பக்கவாட்டில் 15, கீழே 15, மேலே 25 என்று வையுங்கள். மேலே ஏன் கூடுதல்? ஹேங்கர் ரப்பர் மஃப்ளரைக் கீழே போகாமல் பிடிக்கிறது, மேலே எகிறாமல் பிடிக்க ஒன்றுமே இல்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அது மேல்நோக்கித்தான் துள்ளும். சூடும் மேலேதான் போகும்.

ஆக இரண்டு பக்கமும் மேலே 5-6 மி.மீ. மட்டும் எடுத்தால் போதும். வலது பக்கத்தில் நெளிந்த பகுதியும் அதோடு பெரும்பாலும் போய்விடும். பம்பரைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்யுங்கள், ரிவர்ஸ் சென்சார் ஒயரை முதலில் விடுவித்துவிடுங்கள். வலது பக்கம் வெட்ட வேண்டிய வளைவை அட்டையில் வரைந்து நறுக்கி, அதே அட்டையைத் திருப்பிப் போட்டு இடது பக்கமும் குறியுங்கள். இரண்டையும் கண்ணளவில் தனித்தனியாக வரைந்தால் பின்னால் நிற்பவருக்குக் கோணல் பளிச்சென்று தெரியும். பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே நுண்பல் ரம்பத்தால் அறுங்கள். மின்கருவி என்றால் குறைந்த வேகம். வேகம் கூடினால் பிளாஸ்டிக் அறுபடாமல் உருகிப் பல்லில் ஒட்டும். மீதி 2 மி.மீ. அரத்தால், பிறகு 120, 240 எண் உப்புத்தாள். பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தாங்குபட்டை மோதலைத் தாங்குவதற்கானது, அதில் ரம்பம் படவே கூடாது.

வாய்க்குழாய் ஆறிய நிலையில் பம்பரைவிட 10-15 மி.மீ. வெளியே நிற்கட்டும். உள்ளே ஒடுங்கியிருந்தால் புகை விளிம்பில் சுருண்டு கரி படியும், பிளாஸ்டிக்கும் வேகும். மஃப்ளருக்கு நேராகப் பம்பரின் உட்பக்கம் அலுமினியத் தகடு ஒன்று, பம்பரிலிருந்து 8-10 மி.மீ. தள்ளி, ஸ்பேசர் வைத்து மாட்டுங்கள். ஒட்டிவிட்டால் சூடு அப்படியே கடந்து போகும், நடுவில் இருக்கும் காற்றுதான் பாதி வேலையைச் செய்கிறது.

17ஆம் நம்பர் ஸ்பானர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்டெப்னி பள்ளத்துல 15 போதும், ஆனா வலது மஃப்ளர் பக்கத்துல ஹேண்ட்பிரேக் கேபிளோ பிரேக் பைப்போ போகுதான்னு பாருங்க. அதுக்கு 25 மி.மீ. வேணும், இல்லைன்னா வெப்பம் தாங்கும் உறை போடுங்க.

ஓட்டிப் பார்க்கிறதுக்கு முன்னாடி வாய்க்குழாயைக் கையால நாலு பக்கமும் பலமா ஆட்டுங்க, எங்கேயும் இடிக்கக் கூடாது. சந்தேகமான இடத்துல, பாடி பக்கம், சாக்பீஸ் தேய்ச்சு விடுங்க. பட்டிருந்தா சாக்பீஸ் அழிஞ்சிருக்கும். முதல் ஓட்டம் முடிஞ்சு முழுசா ஆறின பிறகு கிளாம்ப் எல்லாத்தையும் மறுபடி முறுக்குங்க, கேஸ்கெட் சூட்டுல அமுங்கி நட்டு தளர்ந்திருக்கும். அப்போ இடது வலது அளவை இன்னொரு தடவை எடுத்து இங்கே போடுங்க.